மூன்று டிரம் சோறு

அன்று காலை பத்து மணிக்கே தொழிற்சாலையில் உற்பத்தி லைன் நின்றுவிட்டது. ஏதோ உதிரிபாகம் வந்து சேரவில்லை என்றார்கள். ஷிப்டுக்கு வந்தவர்களை வந்த பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பினார்கள். ஒரகடத்தில் அந்தத் தொழிற்சாலையின் கேன்டீனில் எனக்கு ஸ்டோர் பொறுப்பு. மதியத்துக்கு வடித்த சோறு அண்டா அண்டாவாக அப்படியே கிடந்தது. மிஞ்சுகிற சோற்றைப் பன்றி வளர்ப்பவர்கள் வந்து எடுத்துப் போவார்கள். அன்றைக்கு அவர்களையும் காணோம். மூன்று நீல டிரம்களில் அள்ளி நிரப்பி, லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வடக்குப்பட்டுக்குப் போனேன்.

அங்கே என் அண்ணி செம்மறி ஆடுகள் வைத்திருந்தார். பதினேழு உருப்படி. எங்கள் பக்கத்துச் சிவப்பு ஆடுகள். அண்ணன் வேலைக்குப் போகும்போது லாரி மோதி இறந்த பிறகு, அண்ணியின் பொழுதும் பேச்சும் அந்த ஆடுகளோடுதான். மேய்ச்சல் இடம் ஒவ்வொன்றாகக் கம்பிவேலிக்குள் போய்விட்டிருந்தது. அந்தக் கோடையில் சர்வீஸ் ரோட்டோரத்துப் புல்லும் கருகிவிட்டது. அதனால்தான் கேன்டீன் சோற்றை அவ்வப்போது ஒரு பக்கெட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவந்தேன். அண்ணி அதைத் தவிட்டோடு பிசைந்து, ஆட்டுக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் வைக்கமாட்டார். "ஜாஸ்தி வெச்சா ஒத்துக்காது தம்பி" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அன்று அவர் ஏதோ சான்றிதழ் வாங்க ஸ்ரீபெரும்புதூர் போயிருந்தார். பட்டிக்குள் ஆடுகள் என்னைப் பார்த்துக் கத்தின. பெரும்பாலானவை சினை ஆடுகள். வயிறு சரிந்திருந்தது, ஆனால் முதுகெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. ஒரு கைப்பிடி இதுகளுக்கு எந்த மூலைக்கு என்று நினைத்தேன். மூன்று டிரம்மையும் தொட்டிகளில் கவிழ்த்தேன். ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு தின்றன. அரை மணி நேரம் நின்று பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. காலி டிரம்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் காலையில் அண்ணி போன் செய்தார். "தம்பி, ஆடுங்க பாதி எழுந்துக்க மாட்டேங்குது. நீ வந்து பாரு."

போய்ப் பார்த்தபோது பட்டி முழுக்கப் புளித்த மாவு நாற்றம். சில ஆடுகள் படுத்தபடி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தன. நின்றவை குடித்தவன் மாதிரி தள்ளாடின. எதுவும் அசை போடவில்லை. கழிச்சல் தண்ணீராகப் போயிருந்தது.

அரசு கால்நடை மருந்தகத்திலிருந்து டாக்டர் வந்தார். தென்மாவட்டத்திலிருந்து வேலைக்கு வந்து சில மாதங்களே ஆன பெண். ஓர் ஆட்டின் இடது வயிற்றில் கையை வைத்து அழுத்தினார். உள்ளே தண்ணீர் சளசளவென்று ஆடிய சத்தம் எனக்கே கேட்டது.

"என்ன தீனி போட்டீங்க? எவ்வளவு போட்டீங்க? சரியாச் சொல்லுங்க. அதை வெச்சுத்தான் வைத்தியம்."

அண்ணி என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம் சோறு. ஒரு பக்கெட் இருக்கும்" என்றேன்.

அந்தப் பொய்யை ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு நேரான பதில் கிடைக்கவில்லை. அண்ணி பக்கத்தில் நின்றார் என்பதைத் தவிர. டாக்டர் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஒவ்வொன்றுக்கும் புகட்டினார், ஊசி போட்டார், தீனி வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் ஐந்து ஆடுகள் செத்துவிட்டன.

விடிந்ததும் டாக்டர் மறுபடி வந்தார். செத்ததில் ஒன்றை வேப்பமரத்தடியில் கிடத்தி வயிற்றைக் கீறினார். வெள்ளைக் கஞ்சியாகச் சோறு கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. அவர் நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தார்.

"இது ஒரு பக்கெட் சோறு இல்ல."

"மூணு டிரம்" என்றேன். "நான்தான் கவுத்தேன்."

அண்ணி ஓர் ஆட்டின் தலையை மடியில் வைத்துப் பிடித்திருந்தார். கையை எடுக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

டாக்டர் என்னைத் திட்டியிருக்கலாம். பதிலாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் விளக்கினார். "புல்லை ஆடு நேராச் செரிக்கிறது இல்லைங்க. அது வயித்துல கோடிக்கணக்கான நல்ல கிருமி இருக்கு. அதுங்கதான் புல்லைக் கரைச்சு ஆட்டுக்குச் சத்தாக் குடுக்கும். இவ்வளவு சோறு ஒரேயடியா உள்ள போனா புளிக்கவைக்கிற கிருமி பெருகி, நல்லதெல்லாம் செத்துப்போகும். அந்தப் புளிப்பு ரத்தத்துல எறங்கும். ரத்தம் கெட்டா சினையும் தாங்காது." கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "மிச்சத்தைக் காப்பாத்தணும்னா நல்ல ஆட்டோட வயித்துத் தண்ணி வேணும். கறிக்கடைக்குப் போங்க. சூடு ஆறாமக் கொண்டு வரணும்."

கேன்டீனில் டீ ஊற்றும் பெரிய பிளாஸ்க் என்னிடம் ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு சுங்குவார்சத்திரம் போனேன். ஞாயிறு என்பதால் கறிக்கடையில் கூட்டம். எல்லோரும் தொடைக்கறிக்கும் ஈரலுக்கும் நிற்க, நான் இரைப்பையில் இருப்பதைக் கேட்டேன்.

"அத்த வெச்சிகினு இன்னா பண்ணப் போற?" என்றார் கடைக்காரர்.

"ஆட்டுக்கு வைத்தியம்."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அடுத்த ஆட்டை அறுக்கும்வரை நிற்கச் சொன்னார். நின்றேன். அறுத்து, வயிற்றைத் திறந்து, பச்சையாக ஆவி பறந்த பொதியை ஒரு தட்டில் தள்ளினார். நான் அதை வேட்டித் துணியில் அள்ளிக் கட்டிப் பிழிந்தேன். வெதுவெதுப்பான சாறு விரலிடுக்கில் வழிந்தது. புல் வாசனை அடித்தது. நல்ல வயிறு இப்படித்தான் மணக்கும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பிளாஸ்க் நிறைந்ததும் வண்டியை விரட்டினேன்.

டாக்டர் குழாய் செருகி, படுத்துக் கிடந்தவற்றின் வயிற்றுக்குள் அதை இறக்கினார். நான் பிடித்துக்கொண்டேன், அண்ணி ஊற்றினார். மறுநாளும் அதற்கு மறுநாளும் போய் வாங்கிவந்தேன். இரண்டு ஆடுகள் அப்படியும் போயின. புதன்கிழமை காலை ஒரு பெட்டை ஆடு மெல்ல அசை போட ஆரம்பித்தது. மற்றவையும் ஒவ்வொன்றாக எழுந்தன. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

இரண்டு வாரத்தில் சினை ஆடுகள் நாள் நிறையாமலே குட்டி வீச ஆரம்பித்தன. முடி முளைக்காத, கண் திறக்காத குட்டிகள். நான்கு நாளில் மூன்று ஆடுகள். அண்ணி ஒவ்வொன்றையும் சாக்கில் சுற்றி அவரே குழி தோண்டிப் புதைத்தார். மண்வெட்டியை வாங்கப்போனேன். கொடுக்கவில்லை.

கடைசியாக, நிறைசினையாக இருந்த ஓர் ஆடு தீனியை மோந்துகூடப் பார்க்காமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றது. அதன் மூச்சில் அழுகிய பழம்போல ஒரு வாடை. டாக்டர் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்தார்.

"ரெட்டைக்குட்டிம்மா. வயிறு சரியா வேலை செய்யல. ரத்தத்துல சர்க்கரை இல்ல. குட்டிங்களுக்குக் குடுக்கத் தன் கொழுப்பையே கரைக்குது, அதுவே இப்போ விஷமா ஏறுது. ஊசி போட்டுக் குட்டிங்களை வெளிய கொண்டாந்தா ஆடு பிழைக்கலாம். குட்டிங்க பிழைக்காது, நாள் பத்தல. நீங்கதான் சொல்லணும்."

அண்ணி ஆட்டின் விலாவில் கையை வைத்துப் பார்த்தார். உள்ளே அசைவு இருந்திருக்கும். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. "போட்டுடுங்கம்மா" என்றார்.

ஒன்றரை நாள் கழித்து இரண்டு குட்டிகளும் வந்தன. ஒன்று மட்டும் சிறிது நேரம் மூச்சுவிட்டது. அன்று சாயங்காலம் ஆடும் செத்தது.

அப்போதுதான் அண்ணி என்னிடம் பேசினார். குரலில் கோபம் இல்லை.

"பசின்னு நெனச்சி போட்ட. அதுங்களும் பசில துன்னுச்சி. அது போவட்டும் தம்பி. டாக்டரு கேட்டப்போ சொல்லியிருக்கலாம்ல?"

 

மிஞ்சிய ஆடுகளைப் பார்த்துக்கொண்டே அண்ணி ஒரு பெண்கள் விடுதியில் பெருக்கித் துடைக்கும் வேலைக்கும் போக ஆரம்பித்தார். கிடா சேர்ந்தும் பல மாதம் எந்த ஆட்டுக்கும் சினை நிற்கவில்லை. வயிறு தேறினாலும் உடம்பு தேற நாளாகும் என்றார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் கிடைத்த இடத்தில் புல் அறுத்துக் கொண்டுபோய்ப் போட்டேன். அண்ணி வாங்கிக்கொள்வார், சாப்பிட்டுப் போகச் சொல்வார். ஆட்டைப் பற்றி மட்டும் முன்புபோல் என்னிடம் பேசுவதில்லை. பிறகு ஓர் ஆடு சினையானதைக்கூட வயிறு சரிந்ததைப் பார்த்து நானாகத்தான் தெரிந்துகொண்டேன்.

நடுவில் கேன்டீனில் ஆள் குறைந்து, இரண்டு ஞாயிறு தொடர்ந்து எனக்கு ஓவர்டைம் போட்டார்கள். மூன்றாம் ஞாயிறு புல்லோடு போனபோது, பட்டிக்குள் ஒரு குட்டி தாயின் மடியை முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது. பிறந்து பத்து நாளாவது இருக்கும். எனக்கு யாரும் சொல்லவில்லை. புல்லை இறக்கி வைத்துவிட்டு, எப்போது பிறந்தது என்று கேட்காமலே திரும்பினேன்.