சிவப்பு ஸ்டிக்கரும் எதிர்க்கடை இலவசமும்

செல்போன் கடையில் புது போன் விற்பது பெரிய காரியமே இல்லை. பழைய போனில் இருப்பதை ஒன்று விடாமல் புது போனில் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் உயிர் போகும். கண்ணாடிக் கவுண்டருக்குப் பின்னால் நின்று தொண்டை கட்டிப்போன என் சக ஜீவன்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கம், நாலு பேர் நின்றால் நிரம்பிவிடும் கடை என்னுடையது. கம்பெனி வாசல்களில் ரீசார்ஜ் கூப்பன் விற்று, வெயிலும் திட்டும் வாங்கிச் சேர்த்த கடை. போன ஆடியில் எதிரே ஏசி ஷோரூம் ஒன்று முளைத்தது. வாசலில் பேனர்: ‘போனுக்குப் போன் டேட்டா மாற்றம் இலவசம்.’ மறுவாரமே கட்டட ஓனர் முனிரத்தினம் வந்து நின்றார். “உன் எடத்த எதிர்க்கடைக்காரங்க குடோனுக்குக் கேக்கறாங்கம்மா. தீபாவளி வரைக்கும் பாக்கறேன். இப்டியே ஈ ஓட்டிக்கினு இருந்தா சாவியக் குடுத்துரு” என்றார். சாவியைக் கொடுக்கவா நான் இவ்வளவு தூரம் வந்தேன்?

காற்றில் போவதற்குக் கூலியா?

ஆரம்பாக்கத்தில் நெல் போடும் பெரியவர் ஒருவர், மகன் வாங்கித் தந்த புது போனோடு வந்தார். இரண்டு போனையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து அனுப்பத் தொடங்கினேன். கூலியைச் சொன்னதும் மனுஷன் துள்ளினார். “ஒயரு இல்ல, நெட்டும் செலவாவல. காத்துல போறதுக்கு இன்னாத்துக்கும்மா டப்பு? எதிர்க்கடையில சும்மா செய்றான்!”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “நைனா, உன் நெலத்துக்கு அடியில தண்ணி கூட சும்மாதான் கீது. மோட்டார் வெச்சவன் காசு கேட்டப்போ இதையேதான் சொன்னியா?” என்றேன். பெரியவர் சிரித்துவிட்டார். கேட்டதைக் கொடுத்தார். ஆனால் பேரத்தில் தோற்றுப் போக அவருக்கும் மனசில்லை. மேலே கைகாட்டிச் சொன்னார்:

“காசுதான் வாங்கிட்ட, அந்த ஃபேனையாவது நிறுத்து. பேத்தி போட்டோ எதிர்க்கடைக்குப் பறந்துடப் போவுது.”

ஒரே பெயரில் ஐந்து போன்

ஒரு கம்பெனியில் ஒரு லைனில் வேலை செய்யும் பையன்கள் போன் வாங்குவதையும் சேர்ந்தே செய்வார்கள். ஒரே மாடல், ஒரே கலர். ஒரு சாயங்காலம், போன வருஷம் வாங்கிய போன்களோடு அப்படி ஒரு கூட்டம் என் கடை வாசலில் நின்றது. அதில் தினேஷ் என்பவன், தங்கள் சூப்பர்வைசர் மாதிரி நடந்து, கத்தி, நடித்த வீடியோவை நண்பனுக்கு அனுப்பப் பார்த்தான். பக்கத்தில் இருக்கும் போன்களின் பட்டியல் வந்தது. ஐந்துக்கும் ஒரே பெயர்! பெட்டியில் வந்த பெயரை யாரும் மாற்றவில்லை. குத்துமதிப்பாக ஒன்றைத் தொட்டான்.

அதே மாடலை வாங்கியிருந்த சூப்பர்வைசர் செல்வராஜ் உள்ளே கவுண்டரில் போனுக்குப் பவுச் பார்த்துக்கொண்டிருந்தார். போன் ‘டிங்’ என்றது. வந்ததை வாங்கிக்கொண்டு, திறந்து பார்த்தார். தினேஷின் குரல் கடை முழுக்கக் கேட்டது. வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக நழுவப் பார்த்தார்கள். எனக்கோ வந்த கிராக்கி மொத்தமும் போச்சே என்ற கோபம். செல்வராஜ் வீடியோவை இரண்டாம் முறையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“கொரலு ஓகே. நட சரியில்ல. நாளைக்கு லைனுக்கு வா, நானே நடந்து காட்டறேன், பாத்துக் கத்துக்கோ.”

அன்றிலிருந்து, வாங்குபவர் பெயரைப் போனில் ஏற்றாமல் என் கடைப் படியைத் தாண்ட விடுவதில்லை.

உரிக்கக் கூடாத ஸ்டிக்கர்

செல்வராஜின் கம்பெனியில், கேட்டில் நுழையும்போதே போன் கேமரா மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். ஷிப்ட் முடிந்த பிறகு அவர்களேதான் எடுப்பார்கள். நடுவில் உரித்தால் கிழிந்து காட்டிக்கொடுத்துவிடும். தீபாவளி போனஸ் வந்த மறுநாள், சாப்பாட்டு நேரத்தில் தினேஷ் இலவசத்தை நம்பி எதிர்க்கடையில் புது போன் வாங்கினான். புது போன் திரையில் காட்டும் க்யூஆர் கட்டத்தைப் பழைய போனின் கேமரா படித்தால்தான் இரண்டும் இணையும். ஷோரூம் ஆள் யோசிக்காமல் ஸ்டிக்கரை உரித்துவிட்டான். கேட்டில் தினேஷைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அரைநாள் சம்பளம் போனது.

அடுத்த நாள் மதியம் செல்வராஜ் மொத்த லைனையும் என் கடைக்குக் கூட்டி வந்தார். “ஸ்டிக்கர்ல கை படக் கூடாதுக்கா. சாப்பாடு முடியற சங்கு ஊதறதுக்குள்ள முடிச்சுக் குடுத்தா எல்லாரும் இங்கயே வாங்கறோம்.” நான் விலையைச் சொன்னேன். கொஞ்சம் குறைக்கச் சொல்லி வாயெடுத்தார். “பேசிக்கினே இரு, சங்கு ஊதிரும்” என்றேன். வாட்சைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். கட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வழி இருக்கும்; யாரும் படிக்க மாட்டார்கள். புது போன் தானே ஒரு வைஃபையைக் கிளப்பும். அதன் பெயரையும் பாஸ்வேர்டையும் பழைய போனில் கையால் அடித்தால் போதும், கேமராவே வேண்டாம். கவுண்டர், ஸ்டூல், பக்கத்து டீக்கடை பெஞ்சு, எல்லா இடத்திலும் ஜோடி ஜோடியாகப் போன்களைப் பரப்பி, ஒவ்வொன்றாக அடித்துத் தள்ளினேன். குறுக்கே பேசியவனையெல்லாம் கத்தி உட்கார வைத்தேன். சங்கு ஊதும்போது கடைசிப் போனும் முடிந்திருந்தது. கேட்டில் செக்யூரிட்டி ஒவ்வொரு ஸ்டிக்கரையும் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்:

“யார்ரா மாத்திக் குடுத்தது? எம் போனும் பேஜாரு பண்ணிக்கினு கீது.”

பாதி செத்த டச்

தீபாவளிக்கு முந்தின நாள் முனிரத்தினம் வந்தார். சாவி கேட்கத்தான் வருகிறார் என்று சண்டைக்குத் தயாரானேன். அவர் கையில் எதிர்க்கடைப் பை. உள்ளே புது போன். பழைய போனில் டச் கீழ்ப்பாதி செத்துவிட்டது. அனுப்பும் பட்டன் அந்தப் பாதியில்தான் வருகிறது. மகள் கல்யாண வீடியோ உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. ஷோரூமில் கையை விரித்துவிட்டார்கள்.

வழி எனக்குத் தெரியும். ஆனால் கையைக் கட்டிக்கொண்டேன். “அண்ணே, மொதல்ல கடைய மூணு வருஷத்துக்கு வாடகைக்கு எழுதிக் குடுங்க. அப்புறம் போன எடுக்கறேன்.” “ஒரு வருஷம்” என்றார். “அந்த ஏசியிலயே போய் ஒக்காருங்க” என்றேன். இரண்டு வரை வந்தார். நான் அசையவில்லை. கடைசியில் என் கவுண்டரிலேயே மூன்று வருஷத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

திரை திரும்புகிற வசதியைப் போட்டுவிட்டு, பழைய போனைக் குறுக்காகத் திருப்பிப் பிடித்தேன். திரை திரும்பியது, பட்டன் உயிரோடிருந்த பக்கத்துக்கு வந்தது, தொட்டேன். வீடியோ புது போனில் ஏறத் தொடங்கியது. முனிரத்தினம் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அவ்ளோதானா? இந்தக் கட்டடத்துல வாடகை வாங்கறவன் நானா நீயான்னு எனக்கே டவுட்டா கீதும்மா.”

கத்தாமல் வியாபாரம் செய்தால் இன்னும் நாலு பேர் வருவார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதைச் செய்து பார்க்க, வருகிற கூட்டத்தில் எனக்கு நேரமில்லை.