கலும்பாங்கிலிருந்து கடல்வரை தம்பியின் கலயம்

காலை ஐந்து இருபதுக்குக் கோலா சிலாங்கூரில் என் வீட்டு வாசல் இன்னும் இருட்டாகவே இருந்தது. கையில் டார்ச்சோடு காரைச் சுற்றி வந்தேன். தூரப் பயணத்துக்கு முன் இதைச் செய்யாமல் நான் சாவியைத் திருப்புவதில்லை. டயரின் காற்றை இரவு முழுக்க நின்று ஆறிய நிலையில்தான் பார்க்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயர் கூடுதலாகக் காட்டும். ரேடியேட்டர் மூடியையும் அப்படித்தான், குளிர்ந்திருக்கும்போது மட்டுமே திறக்க வேண்டும். என்ஜின் எண்ணெய், பிரேக் எண்ணெய், கண்ணாடி கழுவும் தண்ணீர் எல்லாம் பார்த்தேன். பின்னால் பிரேக் விளக்கு எரிகிறதா என்று பார்த்துச் சொல்ல வீட்டில் வேறு ஆள் இல்லை. அதனால் காரின் பின்பக்கத்தைச் சுவரை ஒட்டி நிறுத்தி, பிரேக்கை மிதித்து, சுவரில் விழும் சிவப்பைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்வேன். நடுவிளக்கோடு சேர்த்து மூன்று. மூன்றும் எரிந்தன.

பதினோரு வயதான செடான் இது. டயர்களைப் போன மாதம்தான் மாற்றினேன். நான்குக்கும் சேர்த்து 920 வெள்ளி செலவானது. பூ தேயவே இல்லையே என்று கடைக்காரர்கூடத் தடுத்தார். ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயதாகும். எழுபத்து மூன்று வயதில் இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பின்சீட்டில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருந்தது, பன்னிரண்டு வெள்ளி. உள்ளே இரண்டு தடித்த துண்டுகள். கலும்பாங்கில் இருந்த என் தம்பி மாணிக்கம் பக்கவாதத்தில் இறந்து, முந்தின நாள் தகனம் முடிந்திருந்தது. அன்று காலை சாம்பலை எடுத்துக் கடலில் கரைக்க வேண்டும். தன்னைக் கோலா சிலாங்கூர் முகத்துவாரத்தில்தான் விட வேண்டும் என்று அவன் சொல்லிவைத்திருந்தான். சாம்பல் கலயம் மண்ணால் ஆனது. ஓடுகிற காரில் பிடிப்பில்லாத கனமான பொருள் எதுவும் இருக்கக் கூடாது. முன்சீட்டின் முதுகுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே, தரையில், துண்டு சுற்றிப் பெட்டிக்குள் வைத்தால் கலயம் எந்தப் பக்கமும் நகராது. அந்தக் கணக்கில்தான் பெட்டியை வாங்கினேன்.

ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை, பத்து ஆராங், ரவாங் வழியாகப் போனேன். அங்கிருந்து பழைய பெரிய சாலையில் செரண்டா, பத்தாங் காலி, ராசா. வழியில் நாற்பது வெள்ளிக்குப் பெட்ரோல் போட்டேன். அம்பாங் பெச்சாவைத் தாண்டும்போது பலத்த மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் நின்ற இடங்களில் வேகத்தைக் குறைத்து, ஸ்டீரிங்கை அசைக்காமல் பிடித்துப் போனேன். கலும்பாங் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழு ஐம்பத்தைந்து. என் மீட்டரில் 108 கிலோமீட்டர்.

சுடலையில் வேலை ஒன்பதரைக்கு முடிந்தது. பால் தெளித்து, எலும்புகளைப் பொறுக்கிக் கலயத்தில் இட்டு, வாயை வெள்ளைத் துணியால் கட்டினார்கள். கொள்ளி வைத்தவன் தம்பியின் ஒரே மகன் பிரகாஷ். இருபத்தெட்டு வயது, எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரியின் டிரைவர். மழித்த தலையோடு, தோளில் வெள்ளைத் துண்டோடு, கலயத்தைத் தூக்கிக்கொண்டு காருக்கு வந்தான். கூட அவனுடைய தாய்மாமன் முனியாண்டி. சடங்குகளுக்கு அவர் சொல்வதுதான் அந்தக் குடும்பத்தில் சட்டம்.

நான் பெட்டியைத் திறந்து காட்டினேன்.

"கால் வெக்கிற எடத்துலயா?" என்றார் முனியாண்டி. "மனுசன காலடியில போட்டுக் கொண்டு போவீங்களா மச்சான்?"

"கீழ வெச்சாத்தான் அசையாது."

"தோட்டத்துல கணக்கு எழுதுன கிராணி புத்தி. செத்தவனையும் பெட்டியில போட்டு நம்பர் ஒட்டணும் ஒங்களுக்கு. கடல் வர்ற வரைக்கும் தரையில வெக்கக் கூடாது. மகன் கையிலதான் இருக்கணும்."

"பரவால்ல லா பெரியப்பா" என்றான் பிரகாஷ். "சின்னதுல நான் அவரு மடியில ஒக்காந்துதானே டிராக்டர் ஓட்டுனேன். இன்னிக்கி அவரு என் மடியில ஒக்காரட்டும்."

பெட்டியை டிக்கியில் வைத்தேன். ஆனால் பெல்ட் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. முன்சீட்டில் உட்கார்ந்து மடியில் கனம் வைத்திருப்பவன் பெல்ட் போடாமல் வந்தால் நான் காரை எடுக்க மாட்டேன் என்றேன்.

"கலயத்துக்கு மேல வார் போட்டுக் கட்டுறதா? கட்டிப்புட்டா ஆத்மா எப்படிப் போவும்?"

"வாயத் துணியால கட்டியிருக்கே?"

"அது வேற."

நான் பிரகாஷிடம் கையால் வரைந்து காட்டினேன். கீழ் வார் இடுப்பெலும்புக்குக் குறுக்கே, வயிற்றுக்குக் கீழே. மேல் வார் தோளிலிருந்து மார்புக்குக் குறுக்கே. கலயம் இரண்டுக்கும் வெளியே. வார் கலயத்தைத் தொடாது, அவனை மட்டும்தான் பிடிக்கும்.

"ரைட் லா. நீங்க ஏறுங்க" என்றான்.

கிளம்பும்போது தம்பியின் மனைவி கோகிலா என் பக்கத்து ஜன்னலில் குனிந்தாள். இரண்டு வாரத்துக்கு முன் பார்க்கப் போயிருந்தபோது மாணிக்கத்தை இதே காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவன் நான்.

"அத்தான், அவரக் கூட்டிட்டுப் போனீங்க, திருப்பிக் கொண்டாரல. இவனையாவது நல்லபடியா கொண்டாந்து விட்டுருங்க."

"விடுறேன்மா" என்றேன்.

என் பெல்ட் ஒரு 'டக்'. பின்னால் முனியாண்டி முணுமுணுத்துக்கொண்டே போட்டது இன்னொன்று. இடப்பக்கம் பிரகாஷினுடையது மூன்று. முன்னால் சிவப்பு எச்சரிக்கை விளக்கும் அணைந்தது. ஆள் மூன்று, சத்தம் மூன்று. காரை எடுத்தேன்.

பிரகாஷ் வழியெல்லாம் என்னைக் கிண்டல் செய்துகொண்டே வந்தான். "பெரியப்பா, சைக்கிள் நம்மள ஓவர்டேக் பண்ணுது." பிறகு மடியைக் குனிந்து பார்த்து, "அப்பா, தூங்கிறாதீங்க, இவரு ஓட்டுற ஓட்டுக்குக் கடல் போவ தீவாளி ஆயிரும்." முனியாண்டிகூடச் சிரித்தார். சாவு விழுந்த நாளிலிருந்து அந்தக் குடும்பத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது. நான் மெதுவாக ஓட்டுவதற்கு அந்த ஒரு பலனாவது இருந்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

பதினொன்று ஐந்து. பத்தாங் பெர்ஜுந்தையைத் தாண்டி, இரு பக்கமும் செம்பனை நிற்கும் நேர்சாலை. மழை விட்டிருந்தது, தார் ஈரமாகவே இருந்தது. முன்னால் குலை ஏற்றிய லோரி ஒன்று மேலே வலை போட்டு மூடாமல் போய்க்கொண்டிருந்தது. லோரி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் நான் எண்ணத் தொடங்குவேன். அதே கம்பத்தை நான் தொடும்போது காய்ந்த சாலையில் இரண்டு, ஈரச் சாலையில் நான்கு ஆகியிருக்க வேண்டும். அன்று நான்கு விட்டிருந்தேன். வேகம் அறுபது.

"வலை போடாமப் போறான் பாருங்க" என்றான் பிரகாஷ். "எங்க முதலாளின்னா செவுள்ல விடுவாரு."

லோரி ஒரு குழியில் இறங்கி ஏறியது. மேலிருந்து ஒரு குலை உருண்டு சாலை நடுவில் விழுந்தது. இருபது கிலோவுக்குக் குறையாது. எதிரே வேன் வந்துகொண்டிருந்தது, இடப்பக்கம் கால்வாய். நான் திருப்பவில்லை. பிரேக்கை முழுக்க மிதித்தேன். மிதி காலடியில் அதிர்ந்தது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க அது அப்படித்தான் அதிரும். பயந்து காலை எடுத்தால்தான் கெட்டது. நான் எடுக்கவில்லை. கார் கோணாமல் நேராக நின்றது. குலைக்கும் பம்பருக்கும் நடுவே இரண்டு முழம் இருந்தது.

டயர், பிரேக், இடைவெளி எல்லாம் சரியாகவே வேலை செய்தன. கார் எதிலும் மோதவில்லை.

ஆனால் நிற்பதற்கு முன்பே இடப்பக்கம் ஒரு சத்தம் கேட்டிருந்தது. மண் உடையும் சத்தம், அதோடு சேர்ந்து முன்கண்ணாடியில் விரிசல் விழும் சத்தம். காருக்குள் வெள்ளையாகத் தூசி எழுந்தது. ஒரு நிமிடம் எனக்கு எதுவும் தெரியவில்லை. வாயில் மட்டும் சாம்பலின் சுவை.

பிரகாஷ் சீட்டில் இல்லை. முன்னால் சரிந்து, மார்பு டேஷ்போர்டில், நெற்றி முன்கண்ணாடியில். அவனுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே கலயம் நொறுங்கியிருந்தது. அவனுடைய பெல்ட் பூட்டியபடியே, சீட்டின் முதுகை ஒட்டித் தட்டையாகக் கிடந்தது. முதுகுக்குப் பின்னால் போட்டுப் பூட்டியிருக்கிறான். எச்சரிக்கை மணியை வாயடைக்க லோரிக்காரர்கள் செய்வது. தோளில் கிடந்த துண்டு அதை மறைத்திருந்தது.

முப்பத்தொரு வருடம் தோட்டத்தில் காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுத்தவன் நான். விடிவதற்கு முன் பெயர் கூப்பிடுவேன். வராதவனுக்குப் பதிலாகப் பக்கத்தில் நிற்பவன் "ஐயா" என்பான். குரலை எண்ணக் கூடாது, விளக்கைத் தூக்கி முகத்தை எண்ண வேண்டும் என்று எனக்குப் பின்னால் வந்த கிராணிகளுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

அபாய விளக்கைப் போட்டு, முக்கோணத்தை எடுத்துப் பின்னால் வைத்துவிட்டு வந்தேன். பிரகாஷை முனியாண்டி சீட்டில் சாய்த்துப் பிடித்திருந்தார். இடது கண் இருந்த இடத்தில் இரத்தமும் சாம்பலும் குழைந்திருந்தன.

"பெரியப்பா, அப்பா கொட்டிட்டாரா?" என்றான்.

"கண்ணத் தொடாதே. அசையாதே."

"அப்பா கொட்டிட்டாரா?"

"கொஞ்சந்தான்" என்று பொய் சொன்னேன்.

ஆம்புலன்ஸ் வர இருபத்தைந்து நிமிடம் ஆனது. குலையை யாரோ ஒரு மலாய்க்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்திக் கால்வாயில் தள்ளிவிட்டார். லோரி போனது போனதுதான். தன்னிடமிருந்து விழுந்தது அந்த டிரைவருக்குத் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம்.

பிரகாஷை ஏற்றி அனுப்பியபின், டிக்கியிலிருந்து பெட்டியை எடுத்தேன். முனியாண்டியே அதன் மூடியைத் திறந்தார். இரண்டு பேரும் மண்டியிட்டு, சீட்டிலிருந்தும் கதவு இடுக்கிலிருந்தும் தரை விரிப்பிலிருந்தும் கையால் வழித்து அதற்குள் போட்டோம். எலும்புத் துண்டுகளைப் பொறுக்கிவிடலாம். கலய ஓடும் எலும்பும் ஒரே நிறமாக இருந்த இடங்களில் இரண்டையும் போட்டோம். விரிப்பின் நாருக்குள் இறங்கிய சாம்பல் மட்டும் வரவில்லை. ஈரக் கை பட்டதும் அது இன்னும் உள்ளே போனது.

"கட்டக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன்" என்றார் முனியாண்டி, தரையைப் பார்த்தபடியே. பின்சீட்டிலிருந்து அந்தப் பெல்ட்டை அவர் பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

பிரகாஷை அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். மூன்று விலா எலும்பில் கீறல். கண்ணுக்குள் போனது கலயத்தின் ஓட்டுச் சில்லு. இரண்டு முறை அறுவை செய்தும் பார்வையைக் காப்பாற்ற முடியவில்லை. கனரக லோரி ஓட்டும் லைசென்ஸ் இனி அவனுக்கு இல்லை. கோகிலாவிடம் நான்தான் போனில் சொன்னேன். அவள் அழவில்லை. "எந்தக் கண்ணு?" என்று மட்டும் கேட்டாள்.

மகன் கை படாமல் கரைக்கக் கூடாது. அதனால் மூன்றாம் நாள் பெட்டியைத் துணியில் சுற்றி வார்டுக்கே கொண்டு போனோம். என்ன அது என்று நர்ஸ் கேட்டாள். சொன்னதும் திரையை இழுத்துவிட்டுப் போனாள். பிரகாஷின் இரண்டு கண்ணையும் கட்டியிருந்தார்கள்; தடவிப் பார்த்து மூடியின்மேல் கை வைத்தான்.

"பெட்டி வாங்கிட்டு வந்தீங்கல்ல, இதுதானா?" என்றான். "நல்லாத்தான் இருக்கு." பிறகு, "கோவிச்சுக்காதீங்க பெரியப்பா. பெல்ட்டு போட்டா அவரக் கட்டிப்போட்ட மாதிரி இருந்துச்சு. அதான்" என்றான்.

அன்று மாலை நான்கரைக்கு, கடலேற்றம் வடியத் தொடங்கும் நேரத்தில், 150 வெள்ளிக்குப் படகு பேசி முகத்துவாரத்துக்குப் போனோம். படகில் ஏறியதும் படகுக்காரர் எங்களுக்கு மிதப்புச் சட்டை கொடுத்தார். முனியாண்டி முதலில் வாங்கிப் போட்டுக்கொண்டு, முன்வாரைக் கொக்கியில் மாட்டி, இழுத்துப் பார்த்து, என் பக்கம் திரும்பிக் காட்டினார். பெட்டியைக் கவிழ்த்தோம். பழுப்புத் தண்ணீரில் சாம்பல் ஒரு பக்கம் நீண்டு போயிற்று. ஓடுகள் உடனே மூழ்கின.

முன்கண்ணாடி மாற்ற 480 வெள்ளி ஆனது. கார் கழுவும் கடையில் பையன் தூசி உறிஞ்சும் குழாயோடு இடப்பக்கக் கதவைத் திறந்தான். அந்தப் பக்கம் வேண்டாம் என்றேன். அங்கேதான் அழுக்காக இருக்கிறது என்றான். வேண்டாம் என்று மறுபடியும் சொன்னேன்; காசு முழுசாகக் கொடுத்தேன்.

இப்போது மாதம் ஒரு முறை கலும்பாங் போகிறேன். பிரகாஷைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், மாலையில் வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன். கோகிலா வாசல்வரை வந்து நின்று பார்ப்பாள். கிளம்புமுன் டயரையும் எண்ணெயையும் முன்போலத்தான் பார்க்கிறேன். சத்தத்தை மட்டும் எண்ணுவதில்லை. முன்கதவைத் திறந்ததும் பிரகாஷ் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறான். வெறுங்காலை அந்த விரிப்பில் மெதுவாக வைத்து உட்காருகிறான். பெல்ட்டைப் பூட்டிவிட்டு, மார்பின் குறுக்கே போகும் வாரை விரலால் முன்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு, நான் திரும்பிப் பார்க்கும்வரை அப்படியே இருக்கிறான். பார்த்த பிறகுதான் சாவியைத் திருப்புகிறேன்.