சிதம்பரத்துக்கு இரண்டு பாட்டில் பன்றி ஸ்லரி

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒன்பது மாதக் குழந்தையோடும் இரண்டு பாட்டில் பன்றி ஸ்லரியோடும் கடலூரிலிருந்து சிதம்பரம் போனேன். கோயிலுக்கு அல்ல, உரம், தண்ணீர் பரிசோதிக்கும் ஓர் ஆய்வகத்துக்கு. இதே வேலையாகப் போக இருப்பவர்களுக்காக எழுதுகிறேன், நான் செய்த தப்பையும் சேர்த்து.

காரணம் எங்கள் வீட்டு போர் கிணறு. மேல்பட்டாம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே அக்கா வீட்டுக்காரரின் கரும்புக் கொல்லை. மாமா பன்றிப் பண்ணையும் வைத்திருக்கிறார். எரிவாயுத் தொட்டியில் சாணம் புளித்து வெளியே வரும் கரைசல்தான் ஸ்லரி. அதைக் கரும்புக்கு ஏக்கருக்கு நான்கு டேங்கர் பாய்ச்சப்போவதாகச் சொன்னார். அந்தக் கணக்கு, திட்டக்குடியில் பண்ணை வைத்திருக்கும் அவருடைய நண்பருடையது. அங்கே பன்றிக்கு மக்காச்சோளத் தீவனம், இங்கே ஓட்டல் மிச்சம். அங்கே கொட்டகை கழுவத் தண்ணீர் தாராளம், இங்கே சிக்கனம். அப்படியிருக்க நைட்ரஜன் மட்டும் எப்படி ஒரே அளவாக இருக்கும்? மிஞ்சினால் நைட்ரேட்டாக நிலத்தடி நீரில் இறங்கும், கைக்குழந்தைக்கு ஆகாது என்று படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வரப்புக்கும் போருக்கும் முப்பது அடிதான் இடைவெளி.

இரண்டு பண்ணை ஸ்லரியையும் பரிசோதித்துவிட்டு ஊற்றுங்கள் என்று மாமாவிடம் கெஞ்சினேன். "நீயே எடுத்துட்டுப் போ. நான் சாணித் தண்ணியத் தூக்கிட்டு ஏறுனா பஸ்ஸ வுட்டு எறக்கிடுவாங்க" என்றார்.

காலை 7.10க்கு பஸ். கடலூர் பதினெட்டு கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். திட்டக்குடி நண்பர் பஸ் நிலையத்துக்கே வந்து தன் பாட்டிலைக் கொடுத்தார். 8.20க்கு சிதம்பரம் பஸ், ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் நாற்பது ரூபாய். ஜன்னல் ஓரம் கிடைத்தது.

ஆலப்பாக்கம் தாண்டியதும் எங்கள் பண்ணை பாட்டில் உப்பிக்கொண்டு நின்றது. நிறைய வேண்டுமே என்று கழுத்துவரை ரொப்பியிருந்தேன். வெடித்துவிடுமோ என்று மூடியைத் திருகினேன். கால்வாசிக்கு மேல் நுரைத்துப் பைக்குள் வழிந்தது. பஸ் முழுக்க நாற்றம். "பாப்பாவுக்குத்தான் வயிறு சரியில்லன்னு நெனச்சேன்" என்றார் பக்கத்து சீட் அம்மா. கண்டக்டர் எழுந்து எங்கள் பக்கம் வர ஆரம்பித்தார். குறைந்த பாட்டிலை ஆய்வகத்தில் வாங்கமாட்டார்கள் என்று பயந்து, பாப்பாவுக்குக் காய்ச்சி எடுத்துவந்த வெந்நீரை அதில் ஊற்றி மூடினேன்.

பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவில் எண்பது ரூபாய். ஆய்வகத்துப் பெண் சீட்டு எழுதும்போது, "வழியில தொறந்தீங்களா?" என்று கேட்டார். குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. இல்லை என்றேன்.

ஒன்பதாம் நாள் முடிவு போனில் வந்தது. மாமாவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, திட்டக்குடியவிட நம்முளுது கம்மி. நாலு பத்தாது, அஞ்சு டேங்கர் வுடலாம்."

அந்த ஐந்தாவது டேங்கர் நான் சொன்ன பொய்யிலிருந்து வருகிறது. அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போய் நின்றேன்.

"மாமா, அதுல நான் தண்ணி ஊத்திட்டேன்."

"அப்ப அவுங்க டெஸ்ட் பண்ணது உம் பொண்ணு வெந்நியத்தான்" என்றார் மாமா. "இதுக்கா ஒன்ன டிகிரி படிக்க வெச்சாங்க?"

அடுத்த திங்கட்கிழமை அவரே கூட வந்தார், ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. ஆய்வகத்துப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். பழைய தாளை அடித்துவிட்டுப் புதுச் சீட்டு எழுதினார். இந்த முறை எங்கள் ஸ்லரியில் நைட்ரஜன் திட்டக்குடியைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மாமா நான்கை இரண்டரை டேங்கராகக் குறைத்தார். போர்ப் பக்கம் பத்து வரிசைக் கரும்புக்கு ஸ்லரியே கிடையாது.

போகிறவர்களுக்கு: வாய் அகன்ற பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால்வாசி மட்டும் எடுங்கள். ஐஸில் வையுங்கள். வழியில் ஏதாவது ஆகிவிட்டால் அதை அப்படியே சொல்லுங்கள். அடுத்த ஊர்க் கணக்கை வாங்கி உங்கள் மண்ணில் ஊற்றாதீர்கள்.

இரண்டாவது முறை போனபோது எங்கள் போர் தண்ணீரையும் கொடுத்தேன். குடிக்கலாம் என்று நேற்று முடிவு வந்தது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அது ஸ்லரி ஊற்றுவதற்கு முன் எடுத்த தண்ணீர். ஊற்றி, ஒரு மழை பெய்து, மறுபடி எடுத்துப் பார்க்கிறவரை பாப்பாவுக்குக் கேன் தண்ணீர்தான்.