ஃபேர்வெல் நாளும் ஒரு டப்பா சேஃப்டி பின்னும்

கல்யாணப் பெண்ணுக்குப் புடவை கட்டிவிடுவதுதான் எங்கள் தொழிலிலேயே சுலபமான வேலை. பயத்தில் அவள் அசையவே மாட்டாள். கஷ்டமெல்லாம் செகண்ட் பியூசி, அதாவது ப்ளஸ் டூ, முடிக்கிற பெண்களிடம்தான். ஸ்ரீராம்புரத்தில் இரண்டு நாற்காலி போட்ட சின்ன பார்லர் என்னுடையது. புடவை கட்டுவது நான். முகமும் தலையும் மேரி அக்கா பொறுப்பு. பிரேசர் டவுனிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர். பிப்ரவரி வந்தால் சுற்றுவட்டாரத்துக் காலேஜ்களில் எல்லாம் ஃபேர்வெல். அதுவரை ஜீன்ஸில் திரிந்த பிள்ளைகள், அந்த ஒரு நாள் மட்டும் புடவை கட்டிப் பார்க்க ஆசைப்பட்டு, நான் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே வாசலில் வந்து நிற்பார்கள்.

மெஹந்தி போடுகிறவர்கள், அவசரத்துக்கு பிளவுஸ் பிடித்துத் தருகிறவர்கள், பூ கட்டுகிறவர்கள் என்று பிப்ரவரியில் என்னோடு சேர்ந்து அவஸ்தைப்படுகிற எல்லோருக்கும் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு நம் கஷ்டம் வேடிக்கையாகத்தான் தெரியும்.

ஓட வேண்டும்

முதல் ஆளாக வந்தவள் தீபா. புடவையைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்பே நிபந்தனைகளைச் சொல்ல ஆரம்பித்தாள். ஸ்கூட்டரில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார வேண்டும். டான்ஸ் ஆட வேண்டும். தரையில் சம்மணம் போட்டு குரூப் போட்டோ எடுக்க வேண்டும். பஸ் வந்தால் ஓட வேண்டும். "ஸ்கூட்டர்ல போறவளுக்கு எதுக்கும்மா பஸ்ஸு?" என்று கேட்டேன். ஸ்கூட்டர் சிநேகிதியுடையது, அவளோடு சண்டை வந்தால் பஸ்தான் என்றாள். நியாயமாகத்தான் இருந்தது.

கொசுவத்தைக் கொஞ்சம் தளர்த்தி வைத்து, கணுக்கால் தெரிகிற உயரத்தில் கட்டிவிட்டேன். அவள் உடனே கடைக்குள்ளேயே குதித்துப் பார்த்தாள். உட்கார்ந்து எழுந்தாள். கதவிலிருந்து வாஷ்பேசின் வரை ஓடிப் பார்த்தாள். மேரி அக்கா ஹேர் ஸ்ட்ரெய்ட்னரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "நாளைக்கு உன் கல்யாணத்துக்கும் ஓடற மாதிரிதான் கட்டச் சொல்லுவியா?" என்றேன். தீபா யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"கல்யாணத்துல ஓடணும்னா சுடிதார் போட்டுக்குவேன் ஆன்ட்டி."

ஒரே மெரூன்

அடுத்து ஆறு பெண்கள் கும்பலாக வந்தார்கள். எல்லோரும் ஒரே நிறத்தில் கட்டுவது என்று முடிவாம். மெரூன். பல நாளாக வாட்ஸாப்பில் பேசி எடுத்த முடிவு. வந்தவர்கள் பைகளைத் திறந்து புடவைகளை பெஞ்சின் மேல் பரப்பினார்கள். ஒன்று மெரூன். ஒன்று ரத்தச் சிவப்பு. ஒன்று கத்தரிக்காய் நிறம். ஒன்று காப்பித்தூள். ஒன்று வெங்காயத்தோல். ஆறாவது சுத்தமான ஆரஞ்சு.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். ஆரஞ்சுக்காரியின் பெயர் நஸ்ரீன். தன் போனில் பார்க்கும்போது மெரூனாகத்தான் இருந்தது என்று சத்தியம் செய்தாள். "உன் போன் கீழ விழுந்து டிஸ்ப்ளே போயி ஆறு மாசமாச்சுடி" என்றாள் ஒருத்தி. இன்னொருத்திக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இரண்டு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் என் கடையில் வைத்துப் பிரிந்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம். அந்தப் பழி நமக்கெதற்கு? என்னிடமிருந்த ஒரு மெரூன் துப்பட்டாவைக் கொண்டு ஏதாவது செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் நஸ்ரீனே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"அழாதீங்கடி. எல்லா போட்டோவையும் பிளாக் அண்ட் ஒயிட்ல எடுத்துக்கலாம்."

திரைக்குப் பின்னால்

அர்ச்சனா என்ற பெண் கொண்டுவந்தது கனமான பட்டுப்புடவை. பச்சை உடலில் அரக்கு பார்டர். பீரோ வாசனை கூடப் போகவில்லை. "அம்மாவோட கல்யாணப் புடவை ஆன்ட்டி. அவங்களுக்குத் தெரியாது" என்றாள். இந்த மாதிரி விஷயங்களை நம்மிடம் ஏன் சொல்கிறார்கள் என்று எனக்கு இன்று வரை புரியவில்லை.

பாதி கட்டியிருக்கும்போது, "செல்வி, ஐப்ரோ கொஞ்சம் பாத்து விடறியா?" என்று வாசலிலிருந்து என்னைக் கூப்பிடும் குரல். அவளுடைய அம்மாவேதான். அர்ச்சனா ஒரே தாவலில் திரைக்குப் பின்னால் போய்விட்டாள். நான் பின்னைப் பல்லில் கடித்தபடி நின்றேன். அந்த அம்மா நாற்காலியில் சாய்ந்து, மேரி அக்காவிடம் புருவத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் பேச ஆரம்பித்தார். தண்ணி வராத கதை, மூத்தவளுக்கு வந்த வரன், கேஸ் அடுப்பு ரிப்பேர். திரைக்குக் கீழே அரக்கு பார்டர் ஒரு சாண் அளவுக்கு வெளியே கிடந்தது. நான் மெதுவாகப் போய் அதன் முன்னால் நின்றுகொண்டேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

புருவம் முடிந்தது. அந்த அம்மா எழுந்து கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியில் திரை தெரியும், என் கால் தெரியும், என் காலுக்குப் பின்னால் இருந்ததும் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று, தெருவைப் பார்த்தபடியே சொன்னார்.

"உள்ள இருக்கிற பொண்ணு யாரோ எனக்குத் தெரியாது. முந்தானையில சாம்பார் கொட்டாம சாப்பிடச் சொல்லு. நான் எதையும் பாக்கல."

அழுகிற புரோகிராம்

மேரி அக்காவிடம் வந்த ஒருத்தி, கண்ணில் தண்ணீர் பட்டாலும் கலையாத மை வேண்டும் என்றாள். மழைக்காலம் இல்லையே என்றார் மேரி அக்கா. சாயங்காலம் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுகிற புரோகிராம் இருக்கிறது, வீடியோவும் எடுப்பார்கள் என்றாள். அவளுடைய கவலை மை அல்ல. மற்றவர்கள் எல்லாம் சுலபமாக அழுதுவிடுவார்களாம். தனக்கு மட்டும் அழுகை வராதாம். போன வருஷம் சொந்தக்காரர் சாவுக்குக் கூட வரவில்லையாம். "நேரத்துக்கு வரலேன்னா என்னம்மா பண்ணுவே?" என்று மேரி அக்கா நிஜமான அக்கறையோடு கேட்டார்.

"கெமிஸ்ட்ரி சிலபஸை ஒரு தடவை நெனச்சுக்குவேன் ஆன்ட்டி."

லேடீஸ் ஒன்லி

எங்கள் கதவில் 'லேடீஸ் ஒன்லி' என்று கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எழுதி ஒட்டியிருக்கிறது. அதற்கு நேர் கீழே ஒரு நாள் நான்கு பையன்கள் நின்றிருந்தார்கள். ஆளுக்கொரு வேஷ்டியை இடுப்பைச் சுற்றிக் கையால் பிடித்திருந்தார்கள். கையை விட்டால் வேஷ்டி தரையில் இருக்கும் என்பது பார்த்தாலே தெரிந்தது. "மேடம், பஞ்செ கட்டிவிடுவீங்களா?" என்றான் முன்னால் நின்ற ஆகாஷ். வேஷ்டியைத்தான் கன்னடத்தில் அப்படிச் சொல்கிறான். வீட்டில் அப்பா இல்லையா என்று கேட்டேன். அப்பா பெல்ட் போட்டுத்தான் வேஷ்டி கட்டுவார், அந்த பெல்ட்டை அவர் தரமாட்டேன் என்றுவிட்டார் என்றான்.

உள்ளே விட முடியாது. வெளியே போய்க் கட்டிவிடவும் முடியாது. ஆகவே மேரி அக்கா கதவுக்கு உள்ளே நின்று சொல்லச் சொல்ல, அவர்கள் நடுத்தெருவில் கட்டினார்கள். கடைக்கு எதிரே உட்காரும் பூக்காரம்மா ஒரு யோசனை சொன்னார். ஆட்டோவை நிறுத்திவிட்டு இறங்கிய ஒருவர், "அப்பிடி இல்லப்பா, வலது பக்கம்" என்று வேறு யோசனை சொன்னார். அயர்ன் வண்டிக்காரர் இரண்டும் தப்பு என்றார். தெருவே கூடி நான்கு வேஷ்டிகளைக் கட்டி முடித்தபோது என் பின் டப்பா பாதி காலி. மேரி அக்காவுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. "டான்ஸ் வேற ஆடப்போறீங்க. ஸ்டேஜ்ல அவுந்தா என்னடா செய்வீங்க?" என்றார். ஆகாஷ் வேஷ்டியை லேசாக விலக்கி, உள்ளே போட்டிருந்த மஞ்சள் ஷார்ட்ஸைக் காட்டினான்.

"நாலு பேரும் ஒரே கலர்தான் ஆன்ட்டி. ஒருத்தனுக்கு அவுந்தா மத்த மூணு பேரும் அவுத்துடுவோம். ஸ்டெப்புன்னு நெனச்சுக்குவாங்க."

பிசிக்ஸ் மேடம்

கடையில் நான்கு பெண்கள் சிரித்துக் கத்திக்கொண்டிருந்த ஒரு காலை, கதவைத் திறந்துகொண்டு அவர்களுடைய பிசிக்ஸ் மேடம் வந்தார். சத்தம் சட்டென்று நின்றது. மேடத்தை எனக்கு முன்பே தெரியும். இருவரும் தங்கவயல்காரர்கள், எங்கள் அப்பாக்கள் ஒரே சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். ஆனால் அவருக்குப் புடவை கட்டத் தெரியாது என்பது அன்றுவரை எனக்கும் தெரியாது. தினமும் சுடிதாரில்தான் காலேஜ் போவார். "இன்னிக்கு லெக்சரர் எல்லாரும் புடவையாம். பிரின்சிபால் ஆர்டர்" என்று குற்றவாளியைப் போலச் சொன்னார்.

காட்டன் புடவை, கஞ்சி போட்டு விறைப்பாக நின்றது. கீழே உட்கார்ந்து கொசுவத்தை நீவிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். மேரி அக்கா கையில் மருதாணி, காயவில்லை. நான் ஒரு பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் மேடத்தின் காலருகே மண்டியிட்டு, கொசுவத்தின் நுனியை இரண்டு விரலால், கரண்ட் கம்பியைத் தொடுகிற மாதிரி தொட்டாள். மேடம் குனிந்து பார்த்தார்.

"இன்டர்னல் மார்க் எல்லாம் நேத்தே அனுப்பியாச்சும்மா. பயப்படாம இழுத்துப் புடி."

நன்றியுரை

சங்கீதாவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. கடைசி பெஞ்ச் பெண். அதிகம் பேசமாட்டாள். நன்றியுரை சொல்ல யாரும் முன்வராததால் அவள் தலையில் கட்டிவிட்டார்கள். புடவை கட்டும்போது முழுக்க ஒரே கேள்விதான். "அவுராதில்ல ஆன்ட்டி?" இடி விழுந்தாலும் இது விழாது என்றேன். தொழிலில் நாம் அப்படித்தான் சொல்கிறோம்.

காலேஜில் மேடைப் படியில் ஏறும்போது அவள் தன் புடவையைத் தானே மிதித்துவிட்டாள். மைக்கைப் பிடித்த நேரத்தில் கொசுவம் மொத்தமும் கையோடு வந்துவிட்டது. அவள் ஒரு கையில் கொசுவமும் மறு கையில் மைக்குமாக நின்றாள். கீழேயிருந்து சிநேகிதிகள் ஓடிப்போய் அவளைச் சுற்றிச் சுவர் மாதிரி நின்றுகொண்டார்கள். ஒருத்தி கீழே உட்கார்ந்து சொருக ஆரம்பித்தாள். சங்கீதா பேச ஆரம்பித்தாள். பிரின்சிபாலுக்கு நன்றி, லெக்சரர்களுக்கு நன்றி, கேட்டைப் பூட்டாமல் காத்திருந்த வாட்ச்மேன் அண்ணனுக்கு நன்றி, "இப்போ என் மானத்தைச் சொருகிட்டிருக்கிற பிரியாவுக்கு ஸ்பெஷல் நன்றி." கைதட்டல் நிற்கவே இல்லையாம். இதையெல்லாம் அன்று சாயங்காலம், அதே காலேஜில் படிக்கிற பூக்காரம்மாவின் மகள் வந்து சொன்னாள். கைதட்டல் என் காதில் ஏறவில்லை. கொசுவம் கையோடு வந்தது மட்டும்தான் ஏறியது.

மறுநாள் தெருமுனையில் சங்கீதா வருவதைப் பார்த்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். அவள் குனிந்து உள்ளே வந்துவிட்டாள். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் தன் அக்காவின் நிச்சயதார்த்தத்துக்குப் புடவை கட்ட நான்தான் வரவேண்டும் என்றாள். "இவ்வளவு ஆனதுக்கப்புறமும் என்னையா கூப்பிடறே?" என்றேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்று சுற்றிவிட்டுச் சொன்னாள்.

"ரெண்டு வருஷமா 'ஏய் லாஸ்ட் பெஞ்ச்'னு கூப்பிட்ட பிரின்சிபால் நேத்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு ஆன்ட்டி. ஆனா அக்காவுக்கு மட்டும் அவுராம கட்டுங்க. அவளுக்கு இந்த அளவுக்குப் பேச வராது."

இத்தனை பேரையும் அழகாக்கி அனுப்பிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால், காலையிலிருந்து தலை வாராத ஒரு பொம்பளை உள்ளேயிருந்து என்னை முறைக்கிறாள், அவளுக்கும் ஒரு அப்பாயின்ட்மென்ட் கொடுக்க மார்ச் மாதம்தான் தோதுப்படும்.