எங்கள் வீடு சாம்பிளில் விழுந்த கதை

போன வாரம் தம்பி மகள் போனில் ஒரு படிவம் அனுப்பியிருந்தாள். கல்லூரியில் சமூகவியல், முதல் வருடம். கூடவே ஒரு குரல் செய்தி: "அத்தே, இதொண்ணு ஃபில் செய்து தரணே. அஞ்சு மினிட்டு மதி." ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வயது, தொழில், வீட்டில் பேசும் மொழி என்று விரலால் தொட்டுக்கொண்டே போனேன், முடிந்தது. நன்றி சொல்லி ஒரு பூங்கொத்துப் படம் வந்தது. என் முகத்தை யாரும் பார்க்கவில்லை. சாயா குடிக்கிறீர்களா என்று நானும் யாரையும் கேட்கவில்லை.

எங்கள் காலத்தில் கேள்விப் படிவத்துக்கு ஒரு வாசனை இருந்தது, சைக்ளோஸ்டைல் மையின் வாசனை. தாளைத் தொட்டால் விரல் கறுக்கும், அதே விரலால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய் நான் சிரிப்பு வாங்கியதுண்டு. கொச்சியில், மட்டாஞ்சேரியில் நாங்கள் குடியிருந்த சந்துக்கோ சுக்கு வாசனை. அப்பா வேலை பார்த்த கிடங்கிலிருந்து அது அவர் சட்டையில் ஏறி வீடு வரைக்கும் வரும். இன்றும் சமூகவியல் என்று யாராவது சொன்னால் எனக்கு மையும் சுக்கும் சேர்ந்து மணக்கிறது.

படிப்பில் நான் சுமார்தான். தமிழ் எழுத்தே இருபது வயதுக்கு மேல்தான் கற்றேன், எங்கே 'ந' எங்கே 'ன' என்று இன்னும் தடுமாறுவேன். ஆனால் மனப்பாடம் நன்றாக வரும். குடும்பம் ஒரு முதன்மைக் குழு, அதில் உள்ளவர்கள் ஒருவரையொருவர் நெருக்கமாக அறிந்தவர்கள் என்று மலையாளத்தில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

கடைசி வருடம் கள ஆய்வு. தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பற்றி. தமிழ் பேசுகிறவள் என்பதால் நான் மொழிபெயர்ப்பு, கேள்வி கேட்பது கும்பளங்கியிலிருந்து வரும் என் தோழி ஷீபா. மூன்று சந்துகளின் வீடுகளைப் பட்டியல் போட்டு, சீட்டுக் குலுக்கியதில் மூன்று வந்தது. அதிலிருந்து ஒவ்வோர் ஏழாவது வீடு: மூன்று, பத்து, பதினேழு, இருபத்து நான்கு. இருபத்து நான்கு எங்கள் வீடு.

மாற்றித் தரும்படி ஆசிரியையிடம் கேட்டேன். அவர் சம்மதிக்கவில்லை. "வீடு மாறியா சாம்பிள் போயி. சொந்தம் அம்மயாணெங்கிலும் ஒந்நும் கூட்டருது, ஒந்நும் குறய்க்கருது," என்றார். சொந்த அம்மாவே ஆனாலும் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

அப்பா கிடங்கில் இருந்த ஒரு முற்பகலில் போனோம். அம்மா விசேஷத்துக்கு வைத்திருந்த புடவையைக் கட்டியிருந்தாள். எனக்கும் விருந்தாளி கிளாஸில்தான் சாயா. என்னைப் பார்க்காமல் ஷீபாவைப் பார்த்தே பேசினாள்.

"குடும்பத் தலைவர் யாருன்னு கேக்காங்கம்மா."

"அவுக பேரையே எழுதச் சொல்லு. பாத்தா சந்தோசப்படுவாக." அம்மாவுக்கு 'அவுக' என்றால் அப்பா.

இப்படிச் சிரித்துக்கொண்டே பதினெட்டாவது கேள்விக்கு வந்தோம். சொந்த ஊருக்குத் திரும்பிப் போக எப்போதாவது முயன்றதுண்டா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். அம்மா 'இல்லை' என்பாள் என்று நான் அடுத்த கேள்விக்குக் கண்ணை ஓட்டிவிட்டேன்.

அம்மா ஷீபாவிடம் கேட்டாள். "இங்க சொல்லுதது அவுகளுக்குப் போகுமா?"

சினிமா பார்த்துப் பார்த்து ஷீபாவுக்குத் தமிழ் பாதி புரியும். "இல்லம்மே. ஆரும் அறியில்லா," என்றாள். ஒருவருக்கும் தெரியாது என்று நானும் சொன்னேன்.

"அப்ப எழுதிக்கோ. இவளுக்கு மூணு வயசு. எனக்கு இங்க பேச ஆளில்ல. ஊருக்குப் போயிருவோம்னு அவுககிட்டச் சொன்னா, அடுத்த வருசம் பாக்கலாம்பாக. ஒருநா அவுக வேலைக்குப் போனதும் ரெண்டு சேலைய எடுத்துக்கிட்டு, இவள இடுப்புல வச்சிக்கிட்டு போட் ஏறிட்டேன். எரணாகுளம் டேசன்ல கொல்லம் வண்டிக்கு உக்காந்திருந்தேன். கொல்லத்துல வண்டி மாறி நம்மூரு சங்கரன்கோயிலு போய்ச் சேந்துட்டா எங்கய்யா பாத்துக்கிடுவாருன்னு நெனப்பு."

நான் மொழிபெயர்க்க வேண்டும். அம்மா 'இவள' என்றதை நான் 'இந்தக் குட்டியை' என்று மலையாளத்தில் சொன்னேன். அந்தக் குட்டி நான் என்பது ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது.

"இவ அழுதா. 'எனிக்கு வீட்டில் போணம்'னு ஒரே அழுக. வீட்டுக்குத்தானட்டி போறோம்னேன். இல்ல, அடுத்த வீட்டு பாத்தும்மா இத்தா வேணும்னா. அம்புட்டும் மலையாளம். நாங்கூட அன்னைக்குத்தான் கவனிச்சேன். ஊருல கொண்டு போய் விட்டா இவ யாருகிட்டப் பேசுவா? நான் இங்க முழிச்ச மாதிரி இவ அங்க முழிப்பா. வண்டி வந்துச்சு. நின்னுச்சு. போயிருச்சு."

"பின்னே?" என்றாள் ஷீபா.

"அடுத்த போட்ல வந்து சோறு பொங்கினேன். சோறு என்ன இப்படிக் கொழஞ்சிருக்குன்னாக. அரிசி புதுசுன்னேன்."

ஷீபா பேனாவைக் கடித்தபடி, ஆம் என்று போடவா, இல்லை என்று போடவா என்று கேட்டாள். அம்மாவும் யோசித்தாள். "போகத்தான் செஞ்சேன். போகவும் இல்ல. ரெண்டுலயும் போடச் சொல்லு."

ஷீபா இரண்டிலும் குறி போட்டாள். கூட்டவும் குறைக்கவும் செய்யாத ஒரே பதில் அதுதான் என்று எங்களுக்குத் தோன்றியது. கல்லூரியில் கணக்கெடுக்கும்போது ஆசிரியை அதைப் பார்த்துவிட்டு, இரட்டைக் குறி செல்லாது, 'பதில் இல்லை' வரிசையில் சேருங்கள் என்று சொல்லிவிட்டார். நான் எதிர்த்துப் பேசவில்லை. பேசினால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் அம்மாவுடையது.

அன்று மாலை அப்பா வந்ததும் ஆவலாகக் கேட்டார், "என்னெல்லாம் கேட்டாவ?"

"வெளியே சொல்லக் கூடாதுப்பா. ரூலு."

"நான் வெளியாளாட்டி?" என்று சிரித்தார். அம்மா அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். நானும் சிரித்துச் சமாளித்தேன். அடுத்த வருசம், அடுத்த வருசம் என்று அம்மாவைத் தள்ளிப் போட்டவர் மேல் அப்போது எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சுக்குத் தூசியைத் தட்டிக்கொண்டு, தன் பேர் தலைவர் என்று எழுதப்பட்டதா என்று மட்டும் விசாரித்தார். ஆமாம் என்றேன்.

அதன்பிறகு அம்மாவும் நானும்கூட அதைப் பற்றிப் பேசியதில்லை. சில நாள் சோறு குழையும்போது இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் சாப்பிட்டிருக்கிறோம், அவ்வளவுதான். அப்பா கடைசிவரை தெரியாமலே இறந்துபோனார். போன வருடம் அம்மாவும் போய்விட்டாள். மறைக்க யாருமில்லை என்பதால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

கிடங்கு இப்போது பழம்பொருள் கடை. வாசலில் பித்தளை விளக்குகள், உள்ளே ஏசி. எங்கள் வரிசை வீடுகளை இடித்து விடுதி கட்டிவிட்டார்கள். பாத்தும்மா இத்தாவின் பிள்ளைகள் எங்கே என்று கேட்டால் சொல்வதற்கு அந்தச் சந்தில் ஆளில்லை. என் வீட்டில் கணவர், மகன் எல்லோருக்கும் மலையாளம்தான். தமிழ் பேசத் தோன்றினால் எர்ணாகுளம் சந்தைக்குப் போய், தேனியிலிருந்து வந்து காய்கறி விற்கும் பெண்ணிடம் முருங்கைக்காய் என்ன விலை என்று தமிழில் கேட்பேன். அவள் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மலையாளத்தில் பதில் சொல்கிறாள்.