எழிலரசி வீட்டின் மூன்றாவது தரை

எழிலரசி வீட்டில் யாரும் கையைத் தூக்கிச் சோம்பல் முறிக்கக் கூடாது. கை போய்க் கூரையில் இடிக்கும். மின்விசிறியைப் போன மாதம் கழற்றிவிட்டாள். கொக்கி மட்டும் இருக்கிறது. குடிவந்த புதிதில் இதே கூடத்தில் ஸ்டூல் போட்டுத்தான் ஒட்டடை அடித்தாள்.

சிதம்பரத்துக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவே, வயலை மனை போட்டு உருவான நகர் எங்களுடையது. முதலில் வீடு கட்டியவள் அவள்தான். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் குடும்பத்தில் சொந்தப் பெயரில் பட்டா வாங்கிய முதல் ஆள்; அந்தப் பெருமையை மறைக்கவும் மாட்டாள். தம்பி செம்பியனும் பக்கத்திலேயே வீடு கட்டிவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. ஆனால் பக்கத்தில் இருந்தது பள்ளம். ஐப்பசி மழையில் சுற்றுவட்டாரத் தண்ணீரெல்லாம் அங்கே வந்து தேங்கி, மெல்லக் கடலோடு சேரும் உப்பனாற்றுக்கு வடியும்.

நாலு வருஷத்துக்கு முன் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். திட்ட அதிகாரி ஒருவர் பெரிய வரைபடத்தை விரித்தார். பள்ளத்துக்கு நீலம் அடித்திருந்தது.

"கடல் மட்டம் ஏறுதுங்க. ஜனமும் பெருகுது. இனிமே வீடெல்லாம் மேட்டுப் பக்கம் போகட்டும். இந்தப் பள்ளத்த தண்ணிக்கு விட்டுடுங்க" என்றார்.

எழிலரசி எழுந்தாள். "எங்க ஆளுங்க இத்தினி காலமா ஊருக்கு வெளிய கெடந்தோம். நாங்க மனை வாங்குற நேரம் பாத்துதான் கடல் வருதா சார்?"

மண்டபமே கைதட்டியது. அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. மேட்டு நிலத்தில் எங்களுக்கு யார் மனை விற்றார்கள்? அடுத்த வரைபடத்தில் நீலம் போய், வீடு கட்டலாம் என்ற மஞ்சள் வந்துவிட்டது. வெடி வெடித்துக் கொண்டாடினோம்.

செம்பியனிடம் சொந்த டிப்பர் லாரி உண்டு. பள்ளத்தில் தன் மனைக்கு அவனே மண் அடித்தான். குடை பிடித்துக்கொண்டு கூடவே நின்றாள் அக்கா.

"என் வீட்ட விட ஒசரமா போடு தம்பி. உன் வூட்டுல தண்ணி நிக்கக் கூடாது."

நிற்கவில்லை. அவனைப் பார்த்து மற்றவர்களும் ஆளுக்கு ஒரு அடி கூடுதலாகத் தூக்கினார்கள். பள்ளம் மேடாகிவிட்டது. அந்த ஐப்பசியில் போக்கிடம் இல்லாத தண்ணீர் நேராக அக்கா வீட்டுக்குள் நுழைந்தது. தம்பிக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்குள்ளேயே மண்ணைக் கொட்டித் தரையை உயர்த்திக் கொடுத்தான். மறுவருஷம் அதுவும் போதவில்லை. இரண்டாம் தடவை கொட்டினான். போன மாதம் மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் கதவின் அடியை அறுத்தார்கள். ஜன்னல் இப்போது முழங்காலுக்குக் கீழே இருக்கிறது.

நேற்று பௌர்ணமி, கடல் ஏறும் நாள். ஒரு வாரமாக ஒரு தூறல்கூட இல்லை, நல்ல வெயில். தெருச் சாக்கடை பின்னோக்கி ஓடத் தொடங்கியது. பார்த்துக்கொண்டே இருந்தோம், தண்ணீர் எழிலரசியின் வாசற்படி ஏறியது. அவள் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

செம்பியன் ஓடி வந்தான். அவன் வீட்டுப் படியிலும் ஈரம்.

"பயப்படாத அக்கா. இன்னும் ரெண்டு லோடு கொட்டிடலாம்."

எழிலரசி கூடத்தின் நடுவே போய் நின்றாள். கையைத் தூக்கி, உள்ளங்கையைக் கூரையில் பதித்தாள்.

"எங்கடா கொட்டுவ?"