கன்னிமாருக்கு முதல் தண்ணீர்

புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, அடிபம்பின் கைப்பிடியை நாலு தரம் அழுத்திவிட்டு, பாப்பாயி குழாயின் வாய்ப் பக்கம் ஓடிவருகிறாள். குழாயில் மிச்சம் ஒழுகுவதை இரு கையாலும் ஏந்தி, மேடையோரம் நட்டிருக்கும் ஏழு கற்களின் தலையில் ஊற்றுகிறாள். ஏழும் நனையாவிட்டால் மறுபடி ஓட்டம். "மொதத் தண்ணி கன்னிமாருக்குங்க. அவிய குடிச்ச பொறவுதான் நாம" என்பாள். பின்னால் குடங்களோடு நிற்பவர்கள் முணுமுணுப்பது அவள் காதில் ஏறாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஒன்றியத்தின் கைப்பம்பு மெக்கானிக். சைக்கிள் கேரியரில் ஸ்பானர் மூட்டையைக் கட்டிக்கொண்டு கொல்லிமலை அடிவாரத்து ஊர்களைச் சுற்றிவருவேன். தும்பக்காட்டுக்குள் நுழைந்ததும் பாப்பாயியின் புகார் வந்துவிடும். "பைப்புக்காரரே, உங்க சாமானுக்கு ஒடம்பு சொகமில்லீங்க. நெஞ்சுச் சளியாட்டம் இருமுது." பிரித்துப் பார்த்தால் பாதி நாள் ஒன்றுமே இருக்காது. ஆனால் பிரித்த பாவத்துக்குச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கிடைக்கும். பம்பு இன்னும் கொஞ்சம் இருமட்டுமே என்று நானும் வேண்டிக்கொண்டதுண்டு. அந்த மொச்சைக் குழம்பை இன்று நினைத்தாலும் நாக்கு ஊறுகிறது.

கைப்பிடியில் தொங்கி ஊஞ்சலாடும் பிள்ளைகளை அவள் விரட்டுவதைக் கேட்க வேண்டும். "எறங்கு சாமி! ஆத்தா மேல ஏறி மிதிப்பியா நீ?" அந்த இரும்பு அவளுக்கு எப்போது ஆத்தா ஆனது என்பது ஒரு கதை.

தும்பக்காட்டுக்காரர்கள் மலைக்குடிகள். மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டுக் கூலிக்காக மலையிலிருந்து இறங்கி, அடிவாரத்திலேயே குடிசை போட்டுத் தங்கிவிட்டவர்கள். மேலே இருந்தவரை ஊற்றுத் தண்ணீர்தான் குடித்தார்கள். பாறைக்கு அடியில் ஊற்றுக் கண், பக்கத்தில் கன்னிமார் கற்கள், அங்கிருந்து மூங்கில் தூம்பு வழியாக ஊருக்கு வரும் தண்ணீர். கீழே வந்தபின் அவர்களுக்கு வாய்த்தது ஒரு குட்டை. அதில் எருமையும் படுக்கும், குடமும் முங்கும்.

ரிக் லாரி வந்து போர் போட்டு, நாங்கள் பம்பை நிறுத்தியபோது ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. பார்த்ததோடு சரி. அந்தத் தண்ணீரில் சட்டி கழுவினார்கள், ஆட்டுக்குக் காட்டினார்கள், வாயில் மட்டும் வைக்கவில்லை. "ஊத்துக் கண்ணைப் பாக்காத தண்ணிய எப்படீங்க குடிக்கறது? எங்க கெடந்து வாரதோ?" என்று என்னையே கேட்டவள் பாப்பாயிதான். அதிகாரிகள் வந்து பேசிப் பார்த்தார்கள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அந்த மழைக்காலத்தில் குட்டைத் தண்ணீரால் ஊரில் பேதி கண்டது. பாப்பாயியின் மகன் வயிற்றுப் பேத்தி, தவழ ஆரம்பித்திருந்த குழந்தை, அதில் போய்விட்டது.

காரியம் முடிந்த மறுநாள் பாப்பாயி தனியாக மலையேறினாள். ஊற்றுப் பள்ளத்திலிருந்து ஏழு கற்களைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு இறங்கினாள். பம்படியில் நட்டு, மஞ்சள் பூசி, ஊர்ப் பெரியவரான ஊர்க்கவுண்டரைக் கூப்பிட்டுத் தேங்காய் உடைக்கச் சொன்னாள். "கன்னிமாரு எங்க இருக்காங்களோ அதான் ஊத்துக் கண்ணு" என்றாள். அன்று மாலையே ஊர் மொத்தமும் பம்புத் தண்ணீர் குடித்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

கல்லோடு தீட்டும் இறங்கி வந்திருப்பது யாருக்கும் உறைக்கவில்லை. கன்னிமார் இருக்கும் இடத்துக்கு மாதத் தீட்டுக்காரியும் வரக்கூடாது, பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரியும் வரக்கூடாது. மலையில் யாராவது மொண்டு கொடுப்பார்கள். இங்கே விடிந்தால் எல்லாரும் கூலிக்குப் போய்விடுகிறார்கள். ஒதுங்கி இருந்த பெண்கள் சத்தமில்லாமல் பழையபடி குட்டைக்குப் போனார்கள்.

இது தெரிந்த நாளிலிருந்து பாப்பாயி கூலிக்குப் போவதை விட்டாள். காலை முழுக்க அவர்கள் குடங்களுக்கெல்லாம் அவளே அடித்து ஊற்றுவாள். புளியமரத்து வேரில் வைத்துவிட்டு, "எடுத்துக்க சாமி" என்று விலகி நிற்பாள். "நான் வெச்ச கல்லு, நாந்தானே சொமக்கோணும்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மருமகள் நல்லம்மாள் மறுபடி பிள்ளை பெற்றிருந்த சமயம். பாப்பாயி பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போனவள், திரும்பும் வழியில் என்னைப் பார்த்து மூட்டையைச் சைக்கிளில் ஏற்றிவிட்டுக் கூடவே நடந்தாள். மழை பிடித்துக்கொண்டு, அது விடும்வரை ஒதுங்கி நின்றதில் வெகுநேரமாகிவிட்டது. நாங்கள் குடிசைக்கு வந்தபோது, நல்லம்மாள் குழந்தையை மடியில் கிடத்தி, தண்ணீர் புகட்டும் பாலாடைச் சங்கை அதன் வாயருகே கொண்டுபோயிருந்தாள். பக்கத்தில் இருந்த குடத்தில் குட்டையின் கலங்கல் தண்ணீர்.

பாப்பாயி பாலாடையைத் தட்டிவிட்டாள். குடத்தை வாசலில் கவிழ்த்தாள்.

"நீங்க வெச்சுட்டுப் போனது தீந்துபோச்சுங்க அத்தே. அங்க நான் எப்படீங்க..." என்று அந்தப் பெண் அழுதாள்.

பாப்பாயி குழந்தையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, மருமகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஊர்க்கவுண்டர் பதறி எழுந்தார். "பாப்பாயி, தீட்டு! ஊரே நாசமாப் போயிரும்!"

"கன்னிமார மடியில வெச்சுக் கொண்டாந்தவ நானுங்க. அவிய கேட்டா என்னையக் கேக்கட்டும்."

நல்லம்மாளின் கையைக் கைப்பிடியில் வைத்தாள். "அடி சாமி" என்றாள். நல்லம்மாள் கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள். தண்ணீர் வந்தது.

பம்படியில் கிடந்த எந்தக் குடத்தையும் பாப்பாயி எடுக்கவில்லை. குழந்தையைத் தோளோடு அணைத்தபடி, ஒற்றைக் கையால் அந்தத் தண்ணீரை ஏந்தினாள். கன்னிமாரின் தலையில், ஏழும் நனையும்வரை, ஊற்றினாள். பிறகு மறுபடி ஏந்தித் தானும் ஒரு வாய் குடித்தாள்.